விலகலா, விலைபேசலா?

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால், நாற்காலியில் இருந்தபோது செய்த குற்றமும் உடன் எழுந்து போய்விடும் என்று எண்ணுவார் எல்லா நாட்டிலும் உளர். பதவியில் இருப்பவன்மேல் பழி எழுகின்றது, அவன் விலகுகின்றான், தாளிகைகள் அவன் விலகலைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன, மக்களும் ‘ஒழிந்தான், இனி என்ன’ என்று தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றனர். தண்டனைக்கு முதற்படியாக இருக்க வேண்டிய விலகல், இவ்வாறு தண்டனைக்கே ஈடாகிவிடுகின்றது. இந்தக் கணக்கு எங்ஙனம் போடப்படுகின்றது என்பதை அறிய விழைவார்க்கு, அமெரிக்க ஒன்றிய நாடுகளின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்த இசுபைரோ அக்னியூ என்பாரின் வரலாற்றினும் சிறந்த பாடம் வேறில்லை. 1973ஆம் ஆண்டு நிகழ்ச்சிதான். ஆயினும் அது பழங்கதை அன்று.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகின்றேன். பதவி விலகலை நம் நாட்டுச் செய்தியாளர் நெடுங்காலம் ‘இராசினாமா’ என்றே எழுதி வந்தனர். அது தமிழுமன்று, வடமொழியுமன்று. அரபும் பாரசீகமும் கலந்த கலப்படம். ‘ராசி’ என்பது இசைவு. ‘நாமா’ என்பது எழுத்து. வழக்காடும் இருவர், வழக்கை நடத்தி முடிக்காமல் தமக்குள் விட்டுக்கொடுத்து எழுதிக்கொள்ளும் இசைவுமுறிக்கே வழக்குமன்றங்களில் அப்பெயர் வழங்கிற்று. அயற்சொல்லுக்கு நான் ஒருநாளும் பரிந்து பேசியவன் அல்லேன். ஆனால் அக்னியூ செய்ததைக் குறிக்க ‘விலகல்’ என்னும் நம் தூய சொல்லைச் செலவழிக்கவும் எனக்கு உள்ளம் ஒப்பவில்லை. அவர் விலகவில்லை, விலை பேசினார். எழுதிக் கொடுத்தது விலகல் மடலே எனினும், அதன் உள்ளீடு இசைவுமுறியே.

அக்னியூவின் தந்தையார் கிரேக்க நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். குடிப்பெயர் அனக்னோசுட்டோபுலோசு. கிரேக்க மொழியில் ‘அனக்னோசுட்டேசு’ என்றால் படிப்போன். ஆகவே அது ‘படிப்போன் மகன்’ என்னும் பொருளுடைய அரும்பெயர். புதுநாட்டார் நாவிற்கு எளிதாகட்டும் என்று தந்தையார் அதை வெட்டிக் குறுக்கி அக்னியூ என்றாக்கிக் கொண்டார். பெயரை இழப்பது எதன் தொடக்கம் என்பதை நம் இயக்கத்தார்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் பெயர் குறுகியதால்தான் மகன் கையூட்டு வாங்கினான் என்று சொல்வேனாயின், அது நயனன்று. அவ்வாறு பெயரைக் குறுக்கிக்கொண்டு நேர்மையாக வாழ்ந்தார் பல்லாயிரவர்.

1918இல் பால்ட்டிமோரில் பிறந்த அவர், 1962இல் பால்ட்டிமோர் மாவட்ட ஆட்சித் தலைவராகவும், 1966இல் மேரிலாந்து மாநில ஆளுநராகவும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அங்கு ஆளுநர் என்பார் நம் நாட்டிற்போல மேலிடத்தார் அனுப்பும் அணிமணிப் பொருள் அல்லர். மக்கள் ஒப்போலையால் தேர்ந்தெடுக்கப் பெற்று ஆட்சியை நடத்துபவர். 1968 ஏப்பிரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபின் பால்ட்டிமோரில் கலவரம் மூண்டது. அக்கலவரத்தை அடக்க வீதியில் இறங்கி உழைத்த கறுப்பின மக்கள் தலைவர்களையே அவர் அழைத்து வைத்துக் கடிந்து பேசினார். வந்தவர்களுட் பலர் எழுந்து வெளியேறினர். இந்தக் கடிந்துரைதான் இரிச்சர்டு நிக்சனின் கண்ணை ஈர்த்தது. அவ்வாண்டு தேர்தலில் அக்னியூ துணைத்தலைமை வேட்பாளர் ஆனார். சட்டம், ஒழுங்கு என்னும் இரண்டு சொற்களே அவர் ஏந்திய கொடி. சட்டத்தைக் காக்கப் போவதாகச் சூளுரைத்த அதே வாயினர், அதே ஆண்டுகளில் உறையிற் போட்ட பணத்தைக் கைநீட்டி வாங்கிக் கொண்டிருந்தார்.

அவருடைய மேடைப்பேச்சைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை; தமிழாசிரியனுக்கு அது இயல்பு. 1970இல் தம் கட்சியின் கொள்கைகளைக் குறைகூறுவோரைச் சாடுகையில், மூன்று சொற்களும் நகரத்திலேயே தொடங்கும்படி அடுக்கிய ஒரு மோனைத் தொடரை அவர் வீசினார். எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சபையர் என்னும் எழுத்தாளர், வீசியவர் அக்னியூ. அம்மூன்றனுள் நடுச்சொல் ‘நபாபு’. அது நம் மண்ணிலிருந்து ஆங்கிலத்திற்குப் போன சொல். நவாபு என்பதன் திரிபு. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினி ஊழியத்திற்கு வந்து, கையூட்டாலும் கொள்ளையாலும் பணம் திரட்டி, இங்கிலாந்து சென்று அரண்மனை கட்டிக்கொண்டோரையே ஆங்கிலேயர் அப்பெயரால் எள்ளினர். அவர்களுட் பலர் சென்னைக் கோட்டையிலிருந்து போனவர்கள். ஆர்க்காட்டு நவாபுக்குக் கொடுவட்டிக்குக் கடன் கொடுத்துத் தமிழ்நாட்டு உழவரின் விளைச்சலை உறிஞ்சியவர்கள். அக்கடன் கொள்ளையை 1785இல் எட்மண்டு பர்க்கு இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்துத் தோலுரித்தார். கையூட்டுக்காரனுக்கு வழங்கிய பெயரைக் கையூட்டுக்காரர் ஒருவரே பிறர்மேல் எறிந்தார் என்பது இதில் உள்ள நகைச்சுவை. எறிந்த கல் எங்கே விழ வேண்டுமென்று கல்லுக்குத் தெரிந்திருந்தது போலும்!

இனி, கையூட்டு வாங்கிய முறை. அதைச் சற்று விளங்கச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஊழல் என்பது ஒருவன் பேராசையால் மட்டும் நடைபெறுவதன்று. அதற்கு ஒரு வாய்க்கால் வேண்டும்.

மேரிலாந்தில் சாலை, பாலம் முதலியவற்றைக் கட்டும் வேலைக்கு விலைப்புள்ளி கேட்பது உண்டு. ஆனால் அவற்றிற்குத் திட்டம் வகுத்து வரைபடம் தரும் பொறியியல் நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு அக்காலத்தில் அஃதில்லை. ஆட்சியிலிருந்தோர் விரும்பியவர்க்குக் கொடுக்க முடிந்தது. திறமையுடைய நிறுவனங்கள் பத்து இருந்தால், பத்தனுள் எது என்பதை ஒருவர் விருப்பமே முடிவு செய்யும். அவ்விருப்பத்திற்குத்தான் விலை. மாவட்டத் தலைவராக இருந்தபோது தொடங்கிய இப்பழக்கம், ஆளுநரானபின் ஒழுங்கான ஏற்பாடாகவே ஆயிற்று. மாநிலச் சாலை ஆணையத்தின் தலைவர் யார் யாருக்கு வேலை கிடைக்கப் போகின்றது என்பதைச் சொல்வார். நண்பரான வணிகர் ஒருவர் அந்நிறுவனத்தாரிடம் சென்று தண்டி வருவார். தண்டிய பணத்தில் செம்பாதி ஆளுநர்க்கு, மற்றப் பாதியை ஏனை இருவரும் ஆளுக்குக் காற்பங்காகப் பிரித்துக் கொள்வர். மூவரும் ஒப்பப் பங்கிடலாம் என்று முதலில் எழுந்த கருத்தை மாற்றித் தமக்குப் பாதி என்று வகுத்தவர் ஆளுநரே என்பது பின்னர் அரசு வழக்கறிஞர் வழக்குமன்றத்தில் வைத்த சான்றுரையிற் கண்டது. ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை கையூட்டு. கொடுத்த பொறியாளர் தம் பையிலிருந்தா கொடுத்தார்? கணக்கில் வராத பணம் வேண்டுமென்பதற்காக, ஊழியர்க்கு மிகையூதியம் கொடுத்ததாக எழுதி, அதை அவர்களிடமிருந்து திரும்பப் பெற்று உறையில் இட்டவர்களும் உண்டு. ஈற்றில் அது சாலையின் விலையில் ஏறும்; சாலையின் விலை வரியில் ஏறும்; வரி குடிமகன் தலையில் ஏறும்.

துணைக் குடியரசுத் தலைவரான பின்னும் பழைய பாக்கி நிற்கவில்லை. 1969இல் பொறியாளர் ஒருவர் பத்தாயிரம் தாலரை உறையிலிட்டு, அக்னியூவின் அலுவல் அறைக்கே சென்று கையிற் கொடுத்தார். ஞாலத்திலேயே ஆற்றல் மிக்க அரசின் இரண்டாம் இருக்கை அது!

இவையெல்லாம் வெளிவந்த வகை வியப்பானது. அக்னியூவைப் பிடிக்க எவரும் வலை வீசவில்லை. அவர்க்குப்பின் பால்ட்டிமோர் மாவட்டத் தலைவராக வந்த தேல் ஆண்டர்சன் என்பாரைப் பற்றித்தான் மேரிலாந்தின் நடுவண் அரசு வழக்கறிஞர் சார்சு பீல் என்பாரும் அவர்கீழ்ப் பணியாற்றிய இளைஞர் மூவரும் 1973 தொடக்கத்தில் துருவிக் கொண்டிருந்தனர். ஆண்டர்சன் மக்களாட்சிக் கட்சியினர். அவர்க்குக் கொடுத்தவர்களை நெருக்கியபோது, ‘முன்னிருந்தவர்க்கும் கொடுத்தோம்’ என்று அவர்கள் வாய் திறந்தனர். பீல், அக்னியூவின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். நிக்சனால் அமர்த்தப் பெற்றவர். அவருடைய தமையனார் அதே கட்சியின் மூதவை உறுப்பினர். கோப்பை மூடிவைத்துவிட்டுக் கொட்டாவி விட்டிருந்தால் கேட்பார் இருந்திருக்க மாட்டார்கள். அவர் மூடவில்லை. கட்சி பெரிதா, கடமை பெரிதா என்ற வினாவிற்கு மேடையில் விடை சொல்வது எளிது. மேசையில் விடை சொன்னவர் அவர்.

ஆகத்துத் திங்களில் செய்தி தாளிகைகளில் வெளிவந்தது. அக்னியூ எல்லாம் பொய் என்றார். பதவியில் இருக்கும் துணைத்தலைவர்மேல் குற்றவழக்குத் தொடுக்க முடியாது என்று அவருடைய வழக்கறிஞர் வாதிட்டனர். தலைவர்மேல் முடியாதெனினும் துணைத்தலைவர்மேல் முடியும் என்று அரசுத் தரப்பு எதிர்வாதம் செய்தது. செப்தம்பர் 25இல் அவர் பேராளர் அவையை அணுகி, அவையே தம்மை உசாவட்டும் என்றார், அவைத்தலைவர் மறுத்துவிட்டார். 29ஆம் நாள் இலாசு ஏஞ்சல்சில் தம் கட்சி மகளிர் மாநாட்டில், குற்றம் சாட்டப்பட்டாலும் விலகேன் என்று முழங்கினார். கையொலி வானைப் பிளந்தது. பதினொரு நாள்தான் சென்றது.

1973 அக்குதோபர் 10. பால்ட்டிமோர் நடுவண் வழக்குமன்றத்தில் அக்னியூ நின்ற அதே வேளையில், அவர் விலகல் மடல் அமைச்சர் என்றி கிசிஞ்சரிடம் போய்ச் சேர்ந்தது. 1967இல் பெற்ற 29,500 தாலர் வருவாயை மறைத்து வரி ஏய்த்தார் என்பது ஒன்றே அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு. கையூட்டு என்னும் சொல் அக்குற்றச்சாட்டில் இல்லை. திருடியதற்காக அன்று, திருடியதற்கு வரி கட்டாமைக்காக! அதற்கும் அவர் ‘செய்தேன்’ என்று சொல்லவில்லை. ‘செய்யவில்லை’ என்றும் சொல்லவில்லை. ‘நோலோ காண்டெண்டெரே’ என்னும் இலத்தீன் தொடரைச் சொன்னார். ‘எதிர்வழக்காட விரும்பேன்’ என்பது அதன் பொருள். தெருவில் நடப்பவனுக்கு விளங்காத, வழக்கிறந்த மொழியொன்றில் ஒளிந்துகொள்ள வழக்குமன்றம் ஓர் இடம் வைத்திருக்கின்றது. மக்கள் மொழி மன்றத்திலும் ஆட்சியிலும் வேண்டும் என்று நாம் கேட்பதை மொழிவெறி என்பார் இதனைக் கருதிப் பார்க்கட்டும். நல்லவேளையாக நடுவர் வால்ட்டர் ஆப்மன், அத்தொடர் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு நிகரே என்று வெளிப்படையாக அறிவித்தார். வரி ஏய்ப்புக்குச் சிறை விதிப்பதே தம் வழக்கம் என்றும், சட்டத்துறைத் தலைவர் எலியட் இரிச்சர்ட்சன் நேரில் வந்து வேண்டிக்கொண்டதாலேயே தளர்த்துவதாகவும் அவர் சொன்னார். தண்டம் பத்தாயிரம் தாலர். மூன்றாண்டு நன்னடத்தைக் கட்டுப்பாடு. அதையும் கண்காணிப்பார் இலர். சிறை இல்லை.

அக்னியூவின் தரப்பு என்ன? வாங்கியதை அவர் முற்றும் மறுக்கவில்லை. அவை தேர்தல் நன்கொடை, எல்லாரும் வாங்குவதே, அவற்றால் தம் முடிவு எதுவும் மாறவில்லை என்பது அவர் பேச்சு. ஒரு மாணவன் என்னை இதே வினாவை வேறு வகையாகக் கேட்டதுண்டு: ‘ஐயா, கொடுப்பவன் மனமொப்பிக் கொடுத்தால் அது எப்படிக் குற்றமாகும்?’ வள்ளுவர் இதற்கு விடை சொல்லியிருக்கின்றார். ஆட்சிக்கோலை உடையவன் பொருள் கேட்பதைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில் அவர் வழிப்பறியோடு ஒப்பிட்டார். ஏன்? வழிப்பறிக்காரனும் வாயால் கேட்கத்தான் செய்கின்றான். கையில் உள்ளது வேல். ஆளுபவனும் கேட்கத்தான் செய்கின்றான். கையில் உள்ளது ஒப்பந்தம். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று இருவருமே சொல்வதில்லை, சொல்லாமலே விளங்குகின்றது. இதில் மனமொப்புதல் எங்கே வந்தது?

இப்பொழுது ஆண்டர்சனைத் திரும்பிப் பாருங்கள். அதே மாவட்டம், அதே நாற்காலி, ஏறத்தாழ அதே வகைக் குற்றம். அவர்மேல் முழு வழக்கு நடந்தது. 1974இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். அவர்க்கு நான் இரங்கவில்லை. ஆனால் அவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதைக் காண்கின்றேன். அக்னியூவிடம் ஒரு சரக்கு இருந்தது. அதுதான் பதவி. பதவியால் பணம் ஈட்டினார். பிடிபட்டபின் அதே பதவியைக் கொடுத்து விடுதலையை வாங்கினார். ஒரே பொருளை இருமுறை விற்றவர் அவர்.

இரிச்சர்ட்சன் பக்கத்திலும் கரணியம் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. வாட்டர்கேட்டு ஊழலால் நிக்சனின் இருக்கை அப்போது ஆடிக்கொண்டிருந்தது. அவர் வீழ்ந்தால் அந்த நொடியே அக்னியூ குடியரசுத் தலைவர். வழக்கு நடந்து மேல்முறையீடுகள் முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு குற்றவாளி, நாட்டின் தலைமைக்கு ஒரு மூச்சுத் தொலைவில் நிற்பார். ஆகவே முதலில் அகற்றுவோம் என்று அவர் முடிவு செய்தார். அடுத்து நடந்தவை அவ்வச்சம் வீணன்று என்று காட்டின. அக்குதோபர் 12இல் செரால்டு போர்டு பெயர் முன்மொழியப்பட்டு, திசம்பர் 6இல் அவர் துணைத்தலைவரானார். 1974 ஆகத்து 9இல் நிக்சன் விலகப் போர்டு தலைவரானார். அக்னியூ அகற்றப்படாமல் இருந்திருந்தால் அன்று ஆணைமொழி எடுத்திருப்பவர் அவரே.

அகற்றியது சரி, அதற்குக் கொடுத்த விலைதான் மிகை என்பது என் துணிபு. ஆயினும் இரிச்சர்ட்சன் ஒன்றில் தளரவில்லை. தொகுத்த சான்றுகளை நாற்பது பக்க அளவில் எழுதி வழக்குமன்றத்தில் வைத்து உலகறியச் செய்வோம் என்பதை இசைவின் ஒரு பகுதியாகவே அவர் வற்புறுத்திப் பெற்றார். அஃது இல்லையேல், அக்னியூ அக்குதோபர் 15இல் தொலைக்காட்சியில் தோன்றித் தாம் குற்றமற்றவர் என்று புலம்பியபோது நாடு நம்பியிருக்கும்.

அந்த இரிச்சர்ட்சனும் அதே திங்களில் விலகினார். வாட்டர்கேட்டைத் துருவிய தனி வழக்கறிஞர் ஆர்ச்சிபால்டு காக்சை நீக்குக என்று நிக்சன் ஆணையிட்டார். நீக்க மாட்டேன் என்று அக்குதோபர் 20இல் இரிச்சர்ட்சன் பதவியைத் துறந்தார். பத்து நாள் இடைவெளியில் ஒரே ஆட்சியில் இரண்டு மடல்கள். தாளிகைகள் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதின. முன்னது இராசினாமா, பின்னதே விலகல்.

நாட்டு வழக்கு முடிந்தது, பணம்? கையூட்டுப் பணம் அக்னியூவிடமே இருந்தது. 1974இல் மேரிலாந்து முறைமன்றம் அவர் வழக்கறிஞர் உரிமையைப் பறித்தது, அவ்வளவே. அரசுக்கு அதற்குமேல் அக்கறை இல்லை. சார்சு வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மாணவர் சிலர்க்குத்தான் அது உறுத்திற்று. பேராசிரியர் சான் பான்சாப் வழிகாட்ட, மேரிலாந்தில் வரி கட்டும் குடிமக்களை முன்னிறுத்தி, ‘மாநிலத்தின் பணத்தை மாநிலத்திற்குக் கொடு’ என்று 1976இல் வழக்குத் தொடுக்கச் செய்தனர். வழக்கு ஊர்ந்தது. இடையில், 1980இல், அக்னியூ தம்மை அச்சுறுத்தி விலக வைத்தனர் என்று பொத்தகம் ஒன்று எழுதினார். தம் வழக்கறிஞரோடு பேசியதையெல்லாம் அதில் அவரே வெளியிட்டதால், அவ்வழக்கறிஞர் மறைகாக்கும் கடப்பாட்டினின்று விடுபட்டார், மன்றத்திற்கு வந்தார், பணம் வாங்கியதை அக்னியூ தம்மிடம் ஒப்புக்கொண்டதாகவும், இஃது ஆயிரம் ஆண்டாக நடப்பதுதானே என்று சொன்னதாகவும் சான்று பகர்ந்தார். நம்மவர் ‘மாமூல்’ என்கின்ற அரபுச் சொல்லுக்கும் ‘வழக்கமானது’ என்பதே பொருள். கடல் கடந்தும் கள்வன் கருத்து ஒன்றாகவே இருக்கின்றது.

1981இல் மன்றம், அப்பணத்தின்மேல் அவர்க்கு எவ்வகை உரிமையும் இல்லை என்று தீர்த்தது. கையூட்டு 147,500 தாலர், வட்டி 101,235 தாலர். மேல்முறையீடுகள் தோற்றபின் 1983 சனவரியில் 268,482 தாலரை அவர் மேரிலாந்து அரசுக்குக் கட்டினார். நாட்டின் சட்டத்துறை விட்டதை, மீசை முளைத்தும் முளையாத மாணவர் தொடங்கிய வழக்கு வாங்கித் தந்தது.

அதற்குப் பின்னும் ஒன்று நடந்தது. 1989இல் அக்னியூ, தாம் திருப்பிக் கட்டிய அக்கையூட்டுத் தொகைக்கு வருவாய் வரியில் கழிவு கேட்டு விண்ணப்பித்தார். வரியை ஏய்த்துப் பதவி இழந்தவர்தாம். கழிவு மறுக்கப்பட்டது.